கால் மில்லி மயக்க மருந்தும் ஒரு கூண்டும்: தெருப்பூனைக் கருத்தடையின் கதை

1960-களில் லண்டனில் செலியா ஹாம்மண்ட்னு ஒரு பிரபல ஃபேஷன் மாடல். அந்த வாழ்க்கையை விட்டுட்டு தெருப்பூனைகளைப் பிடிச்சு, கருத்தடை பண்ணி, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடுற வேலைக்கு வந்தாங்க. 1986-ல் அவங்க பேர்லயே ஒரு அறக்கட்டளையும் வந்துச்சு. அதுவரை பூனை பெருகினா தீர்வு ஒண்ணுதான்: பிடி, கொல்லு. 1980-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் இதுக்குன்னே ஒரு கருத்தரங்கு நடந்த பிறகுதான் கால்நடை மருத்துவர்கள் இதை சீரியஸா எடுத்துக்க ஆரம்பிச்சாங்க.

(இதை 'காட்டுப்பூனை'ன்னு சொல்லிடாதீங்க. அது வேற இனம். இது நம்ம வீட்டுப்பூனையேதான், மனுஷன் கை படாம வளர்ந்தது.)

ஒரு டாக்டரா எனக்கு சுவாரஸ்யம் மயக்க மருந்துலதான். மனுஷனுக்கு ஆபரேஷன்னா எடை, இதயம், நுரையீரல், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, ஐ.வி. லைன் போட்டுதான் தியேட்டருக்கே அனுப்புவோம். இந்தப் பூனைகிட்ட ஒண்ணுமே நடக்காது. தொட்டா கடிக்கும். பூனைப்பல் ஊசி மாதிரி ஆழமா இறங்கும். பாஸ்ச்சுரெல்லா கிருமி உள்ள போச்சுன்னா ஒரே நாள்ல கை வீங்கிடும். ரேபிஸ் பயம் தனி.

அதனால ஊசியை கம்பி வழியாவே போட்டாங்க. 1994-ல் அமெரிக்காவின் ராலே நகரில் ஜூலி லெவி என்ற கால்நடை மருத்துவர் 'ஆபரேஷன் கேட்னிப்' தொடங்கினார். டைலெட்டமைன், சோலாசெபாம், கெட்டமைன், சைலசின் எல்லாம் கலந்த ஒரே ஊசி. வளர்ந்த பூனைக்கு தோராயமா கால் மில்லி, தசையில. தூங்கின பிறகுதான் கூண்டைத் திறப்பாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் யோஹிம்பின் கொடுத்தா சைலசினோட வேலை முறியும். நம்ம ஊர் குடும்பக் கட்டுப்பாடு கேம்ப் மாதிரி வரிசையா மேஜைகள், தன்னார்வலர்கள்.

ஆனா உயிர் போறதும் தங்குறதும் பெரும்பாலும் மேஜைக்கு வெளியில முடிவாகுது. கூண்டு எலிப்பொறி தத்துவம்தான்: உள்ள மீன், நடுவுல மிதிபலகை, மிதிச்சா கதவு விழும். முந்தின நாள் சாப்பாட்டை நிறுத்தினா பூனை பசியில உள்ள வரும். வயிறு காலியா இருக்கிறதால மயக்கத்துல வாந்தி நுரையீரலுக்குப் போற ஆபத்தும் குறையும். ஒரே பட்டினியில ரெண்டு வேலை! குட்டிகளை மட்டும் அப்படிப் போடக்கூடாது, சர்க்கரை இறங்கிடும்.

கதவு விழுந்த நொடியில பூனை கம்பியில மோதி மூக்கைக் கிழிச்சுக்கும். உடனே மேல துணி போட்டு மூடணும், இருட்டானா அடங்கிடும். அதனாலதான் கூண்டை வச்சுட்டு வீட்டுக்குப் போகக்கூடாதுங்கிறது முதல் விதி. மூடின கார்ல வெயில்ல விட்டா அதுவே கொலை. ஆபரேஷனுக்கு அப்புறம் நிலைமை தலைகீழ், உடம்புச் சூடு இறங்கும், கதகதப்பு வேணும். முழுசா தெளியாத பூனையை ரோட்டுல விட்டா வண்டியில அடிபடும். பால் கொடுக்கிற தாயை மட்டும் தெளிஞ்சதும் சீக்கிரம் விடணும், எங்கயோ குட்டிகள் காத்திருக்கும்.

மயக்கத்துலயே ஒரு காதோட நுனியை நேரா வெட்டிடுவாங்க. தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியும், இன்னொரு தடவை வயித்தைக் கிழிக்க வேண்டாம்.

இது வேலை செய்யுதா? பறவை ஆர்வலர்கள் இன்னிக்கும் எதிர்க்கிறாங்க. திரும்ப விட்ட பூனையும் வேட்டையாடும்கிற அவங்க வாதம் நியாயமானதுதான். ஆர்லாண்டோவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்துல 1991 முதல் 2002 வரை 155 பூனைகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. 1995-க்கு அப்புறம் அங்க குட்டியே பிறக்கல. கடைசியில மிஞ்சினது 23. ஆனா 47% பூனைகள் தத்துப் போயிருந்தன. அதை விட்டுட்டு 'கருத்தடை ஜெயிச்சது'ன்னு மட்டும் சொல்றது பாதி உண்மை.

மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் துறைமுகத்துல 1992-ல் சுமார் 300 பூனைகள். அங்கயும் கருத்தடையோட தத்தும் சேர்ந்தே நடந்துச்சு. அந்தக் கூட்டத்தோட கடைசிப் பூனை பேரு ஸோரோ. 2009-ல் செத்துப்போச்சு. வயசு 16.