தேடுசொல்

கூகுள் பெட்டியில் நாம் தட்டும் சொல் தேடுசொல். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. தேடிய சொல், தேடுகிற சொல், தேடும் சொல் என முக்காலமும் இதில் அடங்கும். நடுவே ஒற்று மிகாது. 'தேடுச்சொல்' என்பது பிழை.

'தேடு' பழைய வினை. பொருள் தேடினோம், பெண் தேடினோம், இன்று தகவலும் தேடுகிறோம். ஆங்கிலத்தின் 'keyword' என்பதற்கு 'முக்கியச் சொல்' என்பதைவிடத் தேடுசொல்லே எனக்குப் பொருத்தம். எது முக்கியம் என்பதைத் தேடுபவரே முடிவு செய்கிறார்.

2006இல் வந்த கூகுள் டிரெண்ட்ஸ், மக்கள் எதை எப்போது அதிகம் தேடினார்கள் என்று காட்டும். எழுதுபவர் அதிலிருந்து தலைப்புப் பிடிக்கலாம்.

ஒரே பெயரைப் பலர் பலவாறு தட்டுவதும் உண்டு. சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறீர்களா? ரயில் நிலையப் பலகையில் 'பொங்கோல்'. ஒருவர் 'புங்கோல்' என்று தட்டலாம், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தட்டலாம். மூன்றையும் தேடிப் பாருங்கள். கட்டுரையில் பலகையின் வடிவமே நிற்கட்டும். மற்றவற்றை ஒருமுறை குறித்தால் போதும். தேடுசொல்லுக்காக எழுத்தைச் சிதைக்கக் கூடாது.