கந்தையில் விளைந்த கலை

ஐதராபாத் நகரின் வடமேற்கே, மும்பைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பட்டான்செரு. சாளுக்கியர் காலத்தில் பொட்டலகெரெ என்னும் பெயருடன் விளங்கிய ஊர் இதுவே என்பர் வரலாற்றறிஞர். 1972-ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையமும், ஊரைச் சூழ்ந்துள்ள தொழிற்சாலைகளும் பல மாநிலத்து மக்களை இவ்வூருக்கு ஈர்த்தன. அவ்வாறு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு நமது தொழில்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரில் நடைபெற்ற கைவினைப் பொருட்காட்சி ஒன்றைக் காணக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். பரிசு பெற்ற பொருள்களுக்கெனத் தனிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் நடுச்சுவரில் ஒரு போர்வை தொங்கியது. பழந்துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, அடுக்கடுக்காகச் சேர்த்துத் தைத்த போர்வை அது. ஆங்கிலத்தார் இதனைக் குயில்ட் என்பர். செந்நிறத் துண்டுகளும் கருநீலத் துண்டுகளும் மாறிமாறி வர, இடையிடையே கண்ணாடிச் சில்லுகள் மின்ன, ஓரத்தில் சோழிகள் வரிசையாக நின்றன. அதனருகே இருந்த அட்டையைப் படித்தோம். முதற்பரிசு என்றிருந்தது, விலை இருந்தது, அனுப்பிய விற்பனை நிலையத்தின் பெயர் இருந்தது. தைத்தவர் பெயர் மட்டும் இல்லை.

அருகே லம்பாடிப் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். "இதைத் தைத்தவர் யார், அம்மா?" என்று நமக்குத் தெரிந்த தெலுங்கில் வினவினோம். "மா அம்ம குட்டிந்தி" என்றார் அவர். தன் தாய் தைத்தது என்னும் அவ்விடையைத் தமிழர் எவரும் மொழிபெயர்ப்பின்றியே உணர்வர். நான்கு மூலைகளிலும் உள்ள துணிகள் நான்கு மகளிரின் பழைய ரவிக்கைகள் என்றும், நடுவிலுள்ள சதுரம் தாண்டாவில் அவர்கள் பிறந்த வீட்டு முற்றம் என்றும் அவர் விரல் வைத்துக் காட்டினார். பரிசளித்தோர் நிறத்தையும் தையலையும் கண்டிருப்பர். முற்றத்தைக் கண்டிருப்பரோ என்பது ஐயமே.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த அட்டையே நம் நினைவில் நின்றது. நாம் மொழிபெயர்க்கும் ஆவணங்களிலும் நமது பெயர் அச்சேறுவதில்லை. அது தொழிலின் இயல்பு. அதற்காக நாம் வருந்துவதுமில்லை. ஆனால் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது வேறு, தன் வாழ்வைத் தானே துணியில் எழுதுவது வேறு அன்றோ? இக்கலையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், போற்றப்பட்ட போர்வைகள் பலவற்றையும், மறக்கப்பட்ட கைகள் பலவற்றையும் அங்குக் காண்கிறோம்.

வடமொழியில் கந்தா என்பது ஒட்டுப்போட்ட ஆடை. வங்க மொழியில் அது காந்தா. தமிழில் நாம் கந்தை என்கிறோம். தெலுங்கு மக்கள் தம் ஒட்டுப்போர்வையைப் பொந்த என்பர். ஏழ்மையின் அடையாளமாகிய இத்துணி, பாராட்டுக்குரிய பொருளாக மிகப் பழங்காலத்திலேயே உயர்ந்துவிட்டது. மகத நாட்டில் வரப்புகளால் வகுக்கப்பட்ட வயல்களைக் கண்ட புத்தர் பெருமான், துறவியரின் ஆடையை அவ்வாறே அமைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டார் என்றும், ஆனந்தர் துண்டுகளை வயல்போல் இணைத்துத் தைத்துக் காட்டப் பெருமான் அவரது அறிவைப் புகழ்ந்தார் என்றும் விநய நூல் கூறுகிறது. துண்டுத்துணி, அதனை இணைக்க ஒரு மனக்காட்சி, கண்டவரின் பாராட்டு ஆகிய மூன்றும் அச்சிறு நிகழ்ச்சியிலேயே அமைந்துவிட்டன. அங்கே செய்தவரின் பெயரும் நிலைத்தது.

வங்கத்து மகளிர் இக்கலையைக் காவியமாக்கினர். தேய்ந்து மென்மையான புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழம்புடவைக் கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலால், ஓட்டுத் தையல் ஒன்றையே கொண்டு தாமரையும் மரமும் தேரும் படகும் தைத்தனர். நடுவே தாமரை, நான்கு மூலைகளிலும் மரங்கள் என்பது பெருவழக்கு. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் நூலில், கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண் தன் வாழ்வின் கதை முழுவதையும் போர்வையிலே தைத்து வைக்கிறாள். அது கவிஞரின் கற்பனையாயினும், வங்க வீடுகளில் நாள்தோறும் நிகழ்ந்ததையே அவர் பாடினார்.

இந்தியக் குடிமைப் பணியில் இருந்த குருசதய தத்தர், தாம் பணியாற்றிய ஊர்களிலெல்லாம் இத்தகைய காந்தாக்களைத் தேடிச் சேர்த்தார். அவர் 1941-இல் மறைந்தார். அவர் சேர்த்த செல்வத்துக்காகக் கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் 1963-ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அச்சேகரத்தில் புகழ் வாய்ந்தது குல்னாப் பகுதியைச் சேர்ந்த மானதசுந்தரி என்னும் பெண்மணியின் காந்தா. அதைத் தம் தந்தைக்குக் காணிக்கையாகத் தைத்ததாக அவர் துணியிலேயே எழுத்தாகத் தைத்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரை இன்று நாம் அறிவது எந்த அரசாங்கப் பதிவேட்டாலும் அன்று. அவர் ஊசியாலேயே அறிகிறோம்.

கடல் கடந்த நாடுகளின் அனுபவமும் இதுவே. அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். விவிலியக் கதைகளைத் துணி உருவங்களாக வெட்டி ஒட்டி அவர் தைத்த போர்வை 1886-இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. அதைக் கண்டு வியந்த ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் இசையவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வறுமை வந்து நெருக்கவே, பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்கு அதனைக் கொடுத்தார். கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொன்னார். ஆசிரியை அவற்றை எழுதி வைத்தார். பின்னரும் பலமுறை வந்து தம் போர்வையைப் பார்த்துச் சென்றார் பவர்ஸ். அவருடைய மற்றொரு போர்வையில், 1833-ஆம் ஆண்டு நவம்பரில் விண்மீன்கள் மழைபோல் பொழிந்த இரவும் இடம்பெற்றுள்ளது. அவர் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. முதியோர் சொல்லக் கேட்டதைத் துணியில் பதித்தார். ஒரு போர்வை வாஷிங்டனிலும் மற்றொன்று பாஸ்டனிலும் அருங்காட்சியகங்களில் உள்ளன. எழுதி வைக்க ஒருவர் இருந்தமையால், செய்தவரின் கருத்து நமக்குக் கிட்டியது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1933-ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் உலகப் பொருட்காட்சியையொட்டி, சியர்ஸ் என்னும் வணிக நிறுவனம் நாடளாவிய போர்வைப் போட்டி ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 25,000 போர்வைகள் வந்து குவிந்தன. பொருளாதாரம் நலிந்து மக்கள் வேலையின்றித் தவித்த காலம் அது. முதற்பரிசோ 1,000 டாலர். அப்பரிசு கென்டக்கி மாநிலத்து மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் என்னும் பெண்மணிக்குக் கிடைத்தது. பரிசு பெற்ற போர்வை குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அதை அப்பெண்மணி தைக்கவில்லை. கூலிக்கு உழைத்த வேறு பெண்களே துண்டுகளை இணைத்தும் தைத்தும் கொடுத்தனர். பரிசுத்தொகையில் அவர்களுக்குப் பங்கு கிட்டவில்லை. பல ஆண்டுகள் சென்றபின் ஆராய்ச்சியாளர் முயற்சியாலேயே இவ்வுண்மை வெளிவந்தது. முதற்பரிசு முத்திரை, திறமைக்குச் சான்றாகலாம். அது யாருடைய திறமை என்பதற்குச் சான்றாகாது.

நம் நாட்டில் இன்றும் உயிர்த்திருக்கும் மரபுகளைக் காண்போம். பீகாரில் பிறந்த குழந்தையைப் போர்த்த, பழந்துணிகளைக் கூட்டித் தைக்கும் வழக்கம் சுஜனி எனப்படும். கந்தைக்கும் ஒரு தெய்வம் உண்டு என்று நம்பி, சித்திரியா மா என அவளை வழிபட்டனர் அங்குள்ள மகளிர். 1988-ஆம் ஆண்டில் அதிதி அமைப்பின் விஜி சீனிவாசன் துணைநிற்க, முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுராச் சிற்றூரில் இக்கலை புத்துயிர் பெற்றது. வரதட்சணைக் கொடுமையையும், பெண் சிசுக்கொலையையும், வாக்குச்சாவடியில் வரிசையாக நிற்கும் மகளிரையும் அவர்கள் துணியில் வரைந்தனர். அவ்வூர் மகளிரை வழிநடத்திய நிர்மலா தேவிக்கு 2025-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வங்கத்துக் காந்தாவுக்காகப் பிரீதிகணா கோஸ்வாமி 2023-ஆம் ஆண்டில் அதே விருதினைப் பெற்றிருந்தார்.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து முன்னாளில் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் போர்வை கவண்டி எனப்படும். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச்சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வது அவர்கள் முறை. மூலைகளில் முக்கோணமாக மடித்த துண்டுகளை வைத்துப் பூ என்பர். பூ இல்லாத கவண்டி ஆடையற்ற கவண்டி என்பது அவர்கள் கொள்கை. இப்போர்வைகள் 2011-இல் நியூயார்க் நகரிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இனி நம் பட்டான்செருவுக்குத் திரும்புவோம். தக்காணத்தில் மொகலாயப் படைகளுக்குத் தானியம் சுமந்து சென்றவை லம்பாடியரின் எருதுக் கூட்டங்களே. ஊர் ஊராகச் செல்வோர்க்கு வீடும் பெட்டகமும் துணியே. ஆதலின் தம் அழகுணர்ச்சி அனைத்தையும் அவர்கள் துணியிலேயே சேமித்தனர். இரயில் வண்டி வந்தபின் சுமை வணிகம் போயிற்று. ஊசி மட்டும் கையில் நின்றது. பெல்லாரி மாவட்டத்துச் சண்டூர் லம்பாடித் தையல் 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் ஹம்பியில் நடந்த ஜி-20 பண்பாட்டுக் கூட்டத்தில், 450-க்கும் மேற்பட்ட சண்டூர் மகளிர் உருவாக்கிய 1,755 பொருள்கள் ஒருங்கே வைக்கப்பட்டு, கின்னஸ் சாதனையாகப் பதிவாயின.

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் லம்பாடியர் உள்ளனர். தமிழ்நாட்டுக்கு வந்து தலைமுறைகள் பல கழிந்தபின், இளையோர் இத்தையலை மறந்தனர். முதிய மகளிர் சிலர் கையில் மட்டும் அது தங்கியிருந்தது. அப்பகுதியில் மருத்துவத் தொண்டாற்றிய மருத்துவர் லலிதா ரெஜி அளித்த ஊக்கத்தால், அம்முதியோர் இளையோர்க்குக் கற்பித்தனர். தம் கூட்டமைப்புக்கு அவர்கள் இட்ட பெயர் போர்கை. லம்பாடி மொழியில் பெருமிதம் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டுக்கு வந்த கலை அது. தெலுங்கு நாட்டுக்கு வந்த தமிழர் நாம். ஊர் மாறியவர் எதனை இழக்கிறார், எதனை மீட்கலாம் என்பதை அவர்களிடம் நாம் கற்கலாம்.

கைவினைஞர்க்கு மத்திய அரசு 1965-ஆம் ஆண்டு முதல் தேசிய விருதுகள் வழங்கத் தொடங்கியது. சென்னை மாநகரிலும் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியக் குயில்ட் திருவிழா நடைபெற்றது. இத்தகைய காட்சிகளால் கலை வளர்கிறது, விலையும் கூடுகிறது. ஆயினும் காண வருவோர் கேட்காவிடில், தைத்தவரின் கதை அட்டையில் ஏறுவதில்லை. கேட்பது காண்போரின் கடமை என்பதே நமது கருத்து.

நம் வீட்டு மரப்பெட்டியில் ஒரு போர்வை உண்டு. ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் அன்னையார் கொடுத்தது. பழம்புடவை ஐந்தினை மடித்து அவரே தைத்தது. குளிருக்குப் போர்த்தோம், குழந்தைக்கு விரித்தோம். அது எந்தெந்தப் புடவை என்று அவரிடம் ஒருநாளும் கேட்டோமில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. பொருட்காட்சியின் அட்டையைக் குறைகூறிய நமக்கு, அன்றிரவு பெட்டியைத் திறந்தபோது நம் குறையும் புலப்பட்டது. மூத்த சகோதரிக்குத் தொலைபேசியில் பேசினோம். "பச்சை, அம்மாவின் கல்யாணத்துக்கு மறுவருடம் வாங்கியது, கருஞ்சிவப்பு, பாட்டியினுடையது" என்று அவர் இரண்டினை அடையாளம் சொன்னார். மற்ற மூன்றும் அவருக்கும் நினைவில்லை.

அவர் சொன்ன இரண்டையும், அன்னையாரின் பெயரையும், ஊரையும் ஒரு வெள்ளைத் துணியில் எழுதினோம். இல்லத்தரசி அதனை நூலால் தைத்துப் போர்வையின் பின்புறம் இணைத்தார். பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் பலர் வீட்டிலும் இத்தகைய போர்வை ஒன்று இருத்தல் கூடும். அதனைத் தைத்தவர் இன்னும் நம்மிடையே இருப்பின், அடுத்த கடிதத்திலோ தொலைபேசியிலோ அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை எழுதி வைப்பீர்களாக.