திரையில்லாக் கணினியும் ஒன்பது முனைக் கேபிளும்

1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கிய உலகின் முதல் வெப் சர்வர், அதாவது கேட்கும் கணினிகளுக்குத் தகவல் வழங்கும் கணினி, திரையும் விசைப்பலகையும் உடைய ஒரு நெக்ஸ்ட் கணினியாகவே இருந்தது. பின்னர் சர்வர்கள் பெருகி அடுக்குகளில் ஏறியபோது, பழுது பார்க்கையில் மட்டும் தேவைப்படும் அவ்விரு உறுப்புகளையும் ஒவ்வொன்றுக்கும் பூட்டுவது வீண்செலவாயிற்று. ஆகவே அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்து, பழுதான கணினி இருக்கும் இடத்துக்கு உருட்டிச் செல்லும் வழக்கம் தரவு மையங்களில் ஏற்பட்டது.

சூரிச்சை அடுத்த கிளாட்புருக் நகரில் இயங்கிய பிசி எஞ்சின்ஸ் நிறுவனம் இதனினும் துணிந்த வழியைத் தேர்ந்தது. அது முதலில் ராப் என்றும், 2007 முதல் அலிக்ஸ் என்றும், அதன்பின் ஏபியு என்றும் பெயரிட்டு விற்ற சிறு கணினிப் பலகைகளுள் பெரும்பாலானவற்றில் திரையை இணைக்கும் வாயிலே கிடையாது. பல ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் சதுரமாக இருந்த அப்பலகைகளில் பிணையத் துளைகளும், ஆர்எஸ்-232 என்ற 1960-ஆம் ஆண்டின் தரத்தைப் பின்பற்றும் ஒன்பது முனைச் சீரியல் போர்ட்டும் இருந்தன. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பும் வாயில் அது. தள்ளுவண்டிக்கு அங்கு வேலையில்லை. மடிக்கணினியும், ஒன்றன் அனுப்புமுனையை மற்றதன் பெறுமுனையோடு மாற்றி இணைக்கும் நல்-மோடம் கேபிளுமே பழுதுபார்ப்பவரின் திரையும் விசைப்பலகையும் ஆயின. மடிக்கணினிகளிலிருந்து சீரியல் போர்ட் மறைந்தபின் யுஎஸ்பி மாற்றியும் பையில் சேர்ந்தது.

இப்பலகைகளுக்குப் பெரும் பயனைத் தந்தது, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவல் காஸ்பர் 2003 பிப்ரவரியில் வெளியிட்ட மோனோவால் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருள். பிணையத்துக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் அக்காவலை அன்றாடம் நிர்வகிக்க உலாவியே போதும். ஆனால் முகவரி தவறாக அமைந்து உலாவிக்கு எட்டாமற்போனால் கேபிளே கதி. அப்போது இருபுறமும் வேகம் ஒத்திருக்க வேண்டும். ராப் பலகையின் தொடக்க நிரல் நொடிக்கு 38400 பிட் வேகத்திலும், அதில் ஏறும் மோனோவால் 9600 வேகத்திலும் பேசியதால், முதலில் தெளிவாக வந்த எழுத்துகள் பாதிவழியில் பொருளற்ற குறிகளாகச் சிதறும். பலகை தன் நினைவகத்தைச் சோதிக்கும் சில நொடிகளுக்குள் எஸ் விசையை அழுத்தி, பட்டியலில் 9-ஐத் தேர்ந்து வேகத்தை 9600 ஆக்கினால் இரண்டும் ஒத்துவிடும். பட்டறிவு உள்ளவர் முதலில் செய்யும் வேலை அதுதான்.

இயந்திரத்தின் விலையையும் மின்செலவையும் குறைத்து, அதைப் பார்க்கும் கருவியைப் பழுதுபார்ப்பவரின் பைக்கு மாற்றிய அம்முடிவு சரியானதே. திரைகளின் இணைப்பு வாயில்கள் எத்தனையோ முறை மாறிய பின்னும் அந்த ஒன்பது முனைகள் மாறவில்லை. பல தலைமுறைப் பலகைகளை ஒரே கேபிளால் திறக்க முடிந்தது. பயனர்களைப் பழகிய பாதையிலேயே வைத்திருந்த இச்சிக்கனத்துக்குத் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

காஸ்பர் 2015 பிப்ரவரி 15 அன்று மோனோவால் பணியை முடித்து, பயனர்களை ஓபிஎன்சென்ஸ் என்ற மென்பொருளுக்குச் செல்லுமாறு பரிந்துரைத்தார். ஏபியு பலகைகளின் உற்பத்தியும் முடிவுக்கு வருவதாகப் பிசி எஞ்சின்ஸ் பின்னாளில் அறிவித்தது. ஆனால் விற்ற பலகைகள் பல இன்றும் அலுவலக மூலைகளில் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் அந்தக் கேபிளைத் தூக்கி எறியாமல், பலகையின் மேல் அதன் வேக எண்ணையும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.