குழலா, கையா?

எங்க பெரியப்பாகிட்ட ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்துச்சு. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் எடுத்தது. ஒருநாள் பனைமரத்துல தகர டப்பாவைக் கட்டிச் சுட்டார். படலை. "குழல் வாயைக் கொஞ்சம் இறுக்கி வாங்கணும்டா தம்பி" என்றார். எங்க அய்யா சிரிச்சார். "வருசத்துக்கு நாலு தோட்டா சுடுற கைக்கு எந்தக் குழலா இருந்தா என்னண்ணே?"

குழலை இறுக்குறதுல பலனே இல்லைன்னு சொல்லல. 12 போர் துப்பாக்கியை 40 கெஜத்துல சுட்டா, 30 அங்குல வட்டத்துக்குள்ள விழுற ரவை, இறுக்காத குழல்ல சுமார் 40 சதவீதம். நல்லா இறுக்குன குழல்ல 70 சதவீதம். ஆனா அந்த வட்டம் எங்கே போய் விழணும்னு கையும் கண்ணும்தான் சொல்லணும். கிட்டத்துல சுட்டா வட்டம் இன்னும் சின்னதாகிடும். பழகாத கை அதிகமாத் தவறும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு வளரி ஞாபகம் வரும். மதுரை, சிவகங்கைச் சீமைக்காரங்க எறிஞ்ச வளைதடி. குழலும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில், ஈட்டியும் வளரியும் எறியத் தனக்கு முதல்ல கத்துக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கார். தேர்ந்த கையில அது 100 கெஜத்துக்குள்ள எந்தத் தூரத்துக்கும் தப்பாமப் போகுமாம். அதே வெல்ஷ்தான் 1801 போர்ல சின்ன மருதுவுக்கு எதிர்ப்பக்கம் நின்னார்.

கைப்பழக்கம் இருந்தா எதையும் ஜெயிக்கலாம்னு நான் கதை விட மாட்டேன். அந்தப் போர்ல பீரங்கி வச்சிருந்தவன்தான் ஜெயிச்சான். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டாங்க. அந்த டிசம்பர்லயே, பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதம் வச்சுக்கக் கூடாதுன்னு கம்பெனி அறிவிச்சுது.

தடியைப் பறிச்சது பெரிய நஷ்டமில்லை. எங்க ஊர் ஆசாரி அரைநாள்ல ஒண்ணு செதுக்கிடுவார். எறிஞ்சு பழக இடமில்லாமப் போனதுதான் நஷ்டம். அப்பன்கிட்ட மகன் பார்த்துப் பழகுற வித்தை அது. ரெண்டு தலைமுறை விட்டாப் போச்சு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல தஞ்சாவூர் ஆயுதசாலையிலேர்ந்து வந்த வளரிகள் இருக்கு. தந்தத்துல செஞ்சதுகூட உண்டு. பொருள் பத்திரமா இருக்கு. அதை 100 கெஜம் எறியுற ஆள் ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பெரியப்பா கடைசிவரை குழலை மாத்தவும் இல்லை, சுட்டுப் பழகவும் இல்லை. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைப்பார். முடிஞ்சதும் வாங்கிவந்து எண்ணெய் போட்டுத் துடைச்சு வைப்பார். அவர் காலமானதும் லைசென்ஸையும் ஒப்படைச்சிட்டோம். இப்போ ராத்திரிக் காவலுக்கு என்கிட்ட ஒரு டார்ச் லைட்டும் தகர டப்பாவும்தான். டப்பாவைத் தட்டுறதுல மட்டும் எனக்கு நல்ல பழக்கம்.