உதவி நன்கொடையும் சம ஆசனமும்: தெல்லிப்பழையை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்தின் நவீன கல்வி வரலாற்றை ஆராயப் புகுவோர் தெல்லிப்பழையைக் கடந்து செல்லுதல் இயலாது. 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவரும் எட்வேட் வாறனும் அங்கு வந்து, ஒல்லாந்தர் விட்டுச் சென்ற பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக் குடியமர்ந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் பூவர் தொடக்கிய பாடசாலையே பின்னாளில் யூனியன் கல்லூரியாக வளர்ந்தது. 1910இல் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை அதே ஊரில் மகாஜனக் கல்லூரியைத் தோற்றுவித்தார். ஒன்று கடல் கடந்து வந்த பொருளால் எழுந்தது. மற்றையது உள்ளூரார் முயற்சியால் எழுந்தது. இவ்வாறு பல வழிகளிலும் கல்விக்கெனத் திரண்ட பொருள் குடாநாட்டு வகுப்பறையிலே நிலவிய சாதிப் பாகுபாட்டை அகற்றியதா, அன்றி அதனைப் பேணிக் காத்ததா என்னும் வினா நம்மவரால் போதியளவு எழுப்பப்படவில்லை.

மிசன் விடுதிப் பாடசாலைகளின் தொடக்க நிலையை முதலில் நோக்குவோம். அமெரிக்கத் திருச்சபையார் தனித்தனிப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பினர். கொடையாளர் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கதிரவேற்பிள்ளை வைமன் ஆனதும் சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் இவ்வாறே. பெயரை மாற்ற வல்லதாயிருந்த அப்பணத்தால் உணவுப் பந்தியை மாற்ற முடியவில்லை. மிசன் வளவினுள் உண்பது தீட்டு எனக் கருதிய உயர்சாதிப் பிள்ளைகளுக்காக அயற்காணியிலே சமையலறை அமைக்கவும் மிசனரிமார் உடன்பட வேண்டியதாயிற்று. சாதியைக் கண்டித்துப் போதித்தோரே பிள்ளைகளை ஈர்க்கும்பொருட்டுச் சாதிக்கு இடங்கொடுத்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மிசன் கல்விக்கு எதிர்நிலையில் நின்ற ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். வீடு வீடாகச் சேர்த்த பிடியரிசி அதனைத் தாங்கியது. மக்கள் பொருளால் மக்களுக்குக் கல்வி என்னும் உயரிய மரபு அது. எனினும், 'மக்கள்' என்ற சொல் அக்காலத்தில் எவரை உள்ளடக்கியது என்று கேட்டல் வேண்டும். சாதியாசாரத்தை வற்புறுத்தியவர் நாவலர் என்பது அவர் எழுத்துக்களாலேயே புலனாகும். பிடியரிசி இட்ட இல்லங்களின் மனப்பாங்கே பாடசாலையின் மனப்பாங்குமாயிற்று எனலாம்.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து, சமய வேறுபாடின்றிப் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை வலுப்பெற்றது. பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் பெற்ற தேர்ச்சியைக் கொண்டு பணம் அளந்து கொடுக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் இது நடுநிலையான முறையே. ஆனால் பரிசோதகர் பிள்ளையின் தேர்ச்சியைக் கணக்கிட்டாரேயன்றி, அப்பிள்ளை எங்கே இருந்து படித்தது என்பதைக் கணக்கிடவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகளிலும் ஏனையோர் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்தில் இருத்தப்பட்டனர். அவ்வாறு இருத்திய ஆசிரியர் தம்மைக் கொடியவரெனக் கருதியிருக்கமாட்டார். ஊர் வழக்கத்தைப் பின்பற்றுவதாகவே எண்ணியிருப்பார். 1990களில் உளவியலாளர் 'உள்ளார்ந்த சார்புநிலை' எனப் பெயரிட்டது, செய்பவர்தாமே உணராத இத்தகைய பாகுபாட்டினையே. தனிமனித உள்ளத்தில் அவர்கள் கண்டதை அன்றைய யாழ்ப்பாணத்தில் வாங்கும் நிலமும் வெளிப்படையாகவே காட்டி நின்றன.

1920களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரசு எனப் பெயர்பெற்ற இயக்கம் தீண்டாமையை வெளிப்படையாகக் கண்டித்தது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் முதன்மையாளர். நெடுங்காலம் யூனியன் கல்லூரி அதிபராக விளங்கிய ஐ. பி. துரைரத்தினமும் அதன் முன்னணியினருள் ஒருவர். 1927 நவம்பரில் அவ்வியக்கத்தின் அழைப்பில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் தீண்டாமைக்கெதிராகப் பேசினார். ஒடுக்கப்பட்டோரும் தமக்கெனச் சங்கங்கள் அமைத்துக் குரலெழுப்பினர். இச்சூழலிலேயே, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்ற பணிப்பு 1929–30 காலப்பகுதியில் வந்தது. நன்கொடையுடன் நீதி ஒரு நிபந்தனையாக இணைக்கப்பட்டது அப்போதுதான். எதிர்ப்பும் உடனெழுந்தது. பணிப்பை மீளப்பெறுமாறு அரசுக்கு மனுச் செய்யப்பட்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊரார் பெருமையுடன் பெற்றுவந்த அரசாங்கப் பணம், ஒரு பிள்ளையை வாங்கில் இருத்தச் சொன்னபோது கசந்தது.

பிறநாட்டு அனுபவங்கள் இதனை மேலும் தெளிவுபடுத்தும். சென்னை மாகாணத்தில் திரமென்கீர் 1892இல் அளித்த அறிக்கையின் பின், 1893இன் அரசாணை பஞ்சமர் பாடசாலைகளுக்குச் சிறப்பு உதவிகளை வகுத்தது. அங்கே பணம் தனிப் பாடசாலைகளை வளர்த்தது. பொதுப் பாடசாலையின் வழக்கத்தை மாற்றுவது எளிதாயிருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டமோ, இனப் பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்குக் கூட்டாட்சி நிதி இல்லை என விதித்தது. சம ஆசனப் பணிப்பு இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. காலத்தால் அதற்கு முற்பட்டது.

பின்னர் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1950களின் பிற்பகுதியில், சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் முயற்சியால் ஒடுக்கப்பட்டோர் வாழ்ந்த பகுதிகளில் அரசாங்கப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1960–61இல் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றதோடு அந்நன்கொடை முறையும் பெரிதும் முடிவுற்றது. ஆயினும், தனித்த பாடசாலைகள் தேவைப்பட்டமையே பொதுப் பாடசாலைகளின் குறையைக் காட்டுகின்றது.

இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. நிபந்தனையற்ற பணம் நடுநிலையானதன்று. அது நிலவும் வழக்கத்தின் பக்கமே சாய்கின்றது. நிபந்தனையுடன் கூடிய பணம் ஆசனத்தைச் சமப்படுத்த வல்லது. ஆனால் அருகிலிருப்போனைச் சமமாகக் காணும் கண்ணை அது தானே தந்துவிடாது. அக்கண்ணைத் திறத்தல் ஆசிரியர் பணி. இன்றும் நம் பழைய பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் பரிசில்களும் புலமைப்பரிசில்களும் வழங்க உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் வாழும் பழைய மாணவர் பலர் முன்வருகின்றனர். அவர்தம் கொடை போற்றற்குரியது. அக்கொடை எந்தப் பிள்ளையைச் சென்றடைகின்றது, எந்தப் பிள்ளையை அடையாது நிற்கின்றது என்று கேட்கும் கடமையும் அவர்களுக்குண்டு. வாங்குக்கும் நிலத்துக்கும் இடையிலிருந்த தூரம் சில அங்குலமே. அதைக் கடக்க ஒரு சமூகத்துக்கு நூறாண்டுக்கு மேலாயிற்று.