பனங்காட்டில் எழுந்த ஒரு பங்கு

இன்று நமது திண்டுக்கல் மாவட்டத்தின் மலைநகராக விளங்கும் கொடைக்கானலில், 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், எழுபத்தேழு வயது முதியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். அவர் பெயர் இராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் பிறந்தவர், ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆயர். திராவிட மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்கென ஒரு தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை ஒப்பிலக்கணம் எழுதி உலகுக்கு நிறுவியவர். அத்தகைய பேரறிஞரின் உடல் குளிர்ந்த மலையின் மீதே அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அல்லது பெருநகர் ஒன்றின் பேராலயத்தில் இடம் பெற்றிருக்கலாம். ஆனால், அது மலையினின்று இறக்கப்பட்டு, நெடுந்தொலைவு தெற்கே கொண்டுசெல்லப்பட்டு, இடையன்குடி என்னும் மணற்காட்டுச் சிற்றூரின் ஆலயத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. ஓர் ஆயரைத் தன்பால் இவ்வளவு வலிமையோடு ஈர்த்த அந்தச் சிற்றூர் எத்தகையது? அங்கு வாழ்ந்த இறைமக்கள் யாவர்? இதை அறிந்துகொள்வது, பங்கு வாழ்வு என்பதன் பொருளை நாடும் நமக்கும் பயன் தருவதாகும்.

மணலும் பனையும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கு மூலையில், கடலுக்கு அணித்தே, மணல் விரிந்த நிலப்பரப்பு ஒன்று உண்டு. நெல் விளைய அங்கு நீர் இல்லை. பனை ஒன்றே அம்மக்களின் வாழ்வு. பங்குனி, சித்திரை வெயிலில் மற்ற பயிர்களெல்லாம் கருகும்போதுதான் பனை பதனீரைச் சுரக்கும். ஆடவர் நாள்தோறும் காலையும் மாலையும் முப்பது நாற்பது மரங்கள் ஏறி இறங்குவர். பதனீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவர். பெண்கள் விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டி, உச்சி வெயிலில் பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். கால் இடறினால் உயிர் போகும் தொழில். உழைப்போ பெரிது, கூலியோ சிறிது. உயர்ந்தோர் எனப்பட்டவர்களின் தெருக்களில் தலைநிமிர்ந்து நடக்கவும் இவர்களுக்கு உரிமை இல்லாதிருந்த காலம் அது.

இம்மக்களிடையே சீர்திருத்தக் கிறிஸ்தவம் முதலில் வந்தது ஐரோப்பியர் வழியாக அன்று என்பது நினைவில் கொள்ளத்தக்கது. தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரே தம் சொந்த மக்களிடையே நற்செய்தியைக் கொணர்ந்தவர். அதனை ஏற்றவர்கள் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டபோது, 1799இல் அவர்களுக்கெனத் தனி நிலம் வாங்கப்பட்டு ஓர் ஊர் எழுந்தது. அதுவே முதலூர், பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. 1830இல் இரேனியஸ் ஐயரின் காலத்தில் தர்ம சங்கம் நிறுவப்பட்டு, விரட்டப்பட்ட ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைக்கும் பணி தொடர்ந்தது. அந்நாளில் ஒரு பங்கு என்பது வழிபாட்டுக்குரிய கூட்டம் மட்டுமன்று, புகலிடமாகவும் விளங்கியது.

ஓர் ஊர் உருவாதல்

1838இல் சென்னைக்கு வந்த கால்டுவெல், 1841இல் ஆங்கிலிக்கன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். சென்னையிலிருந்து நீலகிரி வழியாகச் சுற்றிவந்த அந்த நெடும் பயணத்தின் பெரும்பகுதியை அவர் கால்நடையாகவே கடந்தார். மக்களோடு பேசிப் பழகவும் அவர்தம் வழக்கங்களை அறியவும் அதுவே வழி என அவர் கருதினார்.

வந்து பார்த்தபோது ஊர் ஒழுங்கின்றிக் கிடந்தது. குடிசைகள் மணலில் சிதறியிருந்தன. அவர் நிலம் வாங்கினார், நேரான தெருக்களை வகுத்தார், கிணறுகள் தோண்டச் செய்தார், மரங்கள் நட்டார். இவையெல்லாம் ஆன்மாவுக்கு என்ன செய்யும் என்று கேட்போர் இருக்கலாம். குடிக்க நல்ல நீரும், நடக்க ஒரு தெருவும், நிற்க ஒரு நிழலும் இல்லாத இடத்தில் மனிதன் தன்னை மதிப்புடையவனாக எங்ஙனம் உணர்வான்? தெருவை நேராக்கியதும் ஒருவகை மறையுரையே அன்றோ!

1844இல் கால்டுவெல் எலிசா அம்மையாரை மணந்தார். இவர் நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் ஐயரின் மகள். தமிழ் மண்ணில் வளர்ந்தவர். தமிழை இயல்பாகப் பேசியவர். ஊர்ப் பெண்களின் உள்ளத்தை அறிந்தவர் இவரே எனலாம். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் தொடங்கினார். தம் தாய் நாகர்கோவிலில் வளர்த்த ரேந்தை பின்னும் கலையை இடையன்குடிக்குக் கொணர்ந்தார். பதனீர் காய்ச்சிக் காய்ப்பேறிய கைகள் நூலிழையில் பூப்பின்னக் கற்றன. பனை சுரக்காத மாதங்களிலும் அடுப்பெரிய அந்த வருவாய் உதவியது. ஒரு பெண் தன் கையால் ஈட்டிய காசைத் தன் கையிலேயே வைத்திருப்பது அன்றைய சமூகத்தில் சிறிய மாறுதல் அன்று.

பங்கின் நாள்முறையை ஆலயமணியே வகுத்தது. வேலைக்கு முன்னும் பின்னும் மக்கள் மன்றாடக் கூடினர். ஐரோப்பிய ஐயர் ஒருவர். ஆனால் சுற்றுப்புறச் சிற்றூர்கள் பல. அவ்வூர்களில் செபத்தை நடத்தியவரும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரும், நோயாளியின் அருகில் அமர்ந்தவரும், சண்டையைத் தீர்த்தவரும் உபதேசியாரே. வரலாற்று நூல்களில் பெயர் பெறாத இவர்களே அத்திருச்சபையின் முதுகெலும்பு. நம் கத்தோலிக்க ஊர்களின் பழைய உபதேசியார்களை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் இது எளிதில் விளங்கும்.

கொடுக்கும் பழக்கமும் அங்கு வேரூன்றியது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசிக் காணிக்கை தென்பாண்டித் திருச்சபைகளில் பரவியது. அறுவடைக் காலத்தில் முதற்பலனைக் கொணர்ந்து படைக்கும் தோத்திரப் பண்டிகையும், ஊர் முழுவதும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசன விழாவும் அங்கு இன்றளவும் சிறப்புற நடைபெறுகின்றன. ஏழை பெறுபவன் மட்டும் அல்லன். அவனும் கொடுப்பவனே என்னும் பெருமிதத்தை அந்த ஒரு பிடி அரிசி வளர்த்தது. அதன் பயன் வீண்போகவில்லை. 1903இல் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பணத்தாலும் தம் ஆள்களாலும் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குப் பணியாளரை அனுப்பினர். அச்சங்கத்தின் முன்னோடியும் வெள்ளாளன்விளைக் குரு ஒருவரின் மகனுமான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார்.

முப்பத்து மூன்று ஆண்டுகள்

இடையன்குடித் தூய திரித்துவ ஆலயத்திற்கு 1847இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது திருநிலைப்படுத்தப்பட்டதோ 1880 ஜூலை 6ஆம் நாள். முப்பத்து மூன்று ஆண்டுகள்! பணமின்மை ஒரு தடை. பஞ்சம் மற்றொரு தடை. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தின்போது கட்டடத்தை விடப் பட்டினி கிடந்தோரே முதன்மை பெற்றனர். கூர்முனை வளைவுகளைக் கண்டறியாத உள்ளூர்க் கொத்தர்களுக்குக் கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டி வேலை வாங்கினார் என்பர். கல் சுமந்த இளைஞர் பலர் முதுமையில்தான் அதன் நிறைவைக் கண்டனர். காணாமலே கண்மூடியோரும் பலர். தம் காலத்தில் முடியாது என்று தெரிந்தும் அடுத்த தலைமுறைக்காகக் கல் சுமப்பதே பங்கு வாழ்வின் இலக்கணம் எனலாம்.

இதே ஆண்டுகளில்தான் அவருடைய ஒப்பிலக்கணம் 1856இலும், விரிவாக்கிய பதிப்பு 1875இலும் வெளிவந்தன. பவர் ஐயரின் தலைமையில் தமிழ் விவிலியத்தைத் திருத்திய குழுவிலும் அவர் பணியாற்றினார். 1877இல் ஆயரான பின்னரும் அவர் மனம் இடையன்குடியைச் சுற்றியே இருந்தது.

அன்பின் நடுவே ஒரு காயம்

இவ்வளவும் சொல்லி நிறுத்திவிட்டால் வரலாறு புகழ்மாலையாகிவிடும். 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மேனாட்டு வாசகருக்கு இம்மக்களின் நிலையை விளக்கி உதவி பெறும் நோக்கம் அதில் இருந்தது. ஆயினும், அவர்களது தோற்றத்தையும் அறிவையும் பழக்கங்களையும் அவர் விவரித்த முறை தாழ்த்துவதாக இருந்தது. அந்நூல் யாரைப் பற்றியதோ அவர்களே கல்வி பெற்று அதைப் படித்தபோது கொதித்தெழுந்தனர். படிக்கக் கற்றுக்கொடுத்தவர் எழுதியதைப் பிள்ளைகள் படித்தனர். படித்துக் கேள்வி கேட்டனர்.

நாசரேத்தில் உபதேசியாராயிருந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை ஐரோப்பியக் குருக்களின் போக்கோடு முரண்பட்டு வெளியேறினார். 1857இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை ஒன்றைத் தம் மக்களோடு நிறுவினார். கிறிஸ்துவை அவர்கள் விட்டுவிடவில்லை. மேனாட்டாரின் மேலாண்மையையே விட்டனர். அவருடைய கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால், அவர் எழுப்பிய கேள்வியைக் காதை மூடிக்கொண்டு கடந்துவிட இயலாது. உணவும் கல்வியும் தந்த கை, மதிப்பையும் சேர்த்துத் தந்ததா?

உலகின் மறுகோடியிலும் இதே கேள்வி எழுந்தது. கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் மூஸ் ஃபாக்டரி என்னும் தீவு உள்ளது; கிரீ இனப் பூர்வகுடிகளின் நிலம். இடையன்குடியில் மணல் என்றால் அங்கே பனி. 1851இல் ஜான் ஹார்டன் என்னும் ஆங்கிலிக்கன் பணியாளர் அங்கு சென்றார். கிரீ மொழியைக் கற்றார். அம்மொழிக்கென அமைந்த அசையெழுத்துகளில் நற்செய்தி நூல்களைத் தாமே அச்சுக்கோத்து அச்சிட்டார். 1872இல் ஆயராகி, 1893இல் அவ்வூரிலேயே உயிர்நீத்தார். கால்டுவெல்லின் வாழ்வோடு எவ்வளவு ஒற்றுமை! ஆனால், பின்னாளில் ஹார்டனின் பெயரைத் தாங்கி அங்கு எழுந்த விடுதிப் பள்ளி, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாய்மொழியை மறக்கச்செய்யும் அரசுத் திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. கிரீ மொழியில் அச்சிட்டவரின் பெயரால் கிரீ மொழி நசுக்கப்பட்டது! கனடாவின் ஆங்கிலிக்கன் திருச்சபை 1993இல் இதற்காக மன்னிப்புக் கேட்டது. இத்தகைய பள்ளிகளுள் பலவற்றைக் கத்தோலிக்கத் துறவற சபைகளும் நடத்தின. ஆகவே, 2022 ஜூலை 25ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கிரீ மக்களின் மஸ்குவாசிஸ் நகருக்கே சென்று மன்னிப்பு வேண்டினார். இதில் அவர்கள், நாம் என்ற பிரிவுக்கு இடமில்லை.

நமக்கு என்ன சொல்கிறது?

இடையன்குடி மக்கள் கால்டுவெல்லைத் தூக்கி எறியவில்லை, மறந்துவிடவுமில்லை. அவர் உடல் அவர்கள் நடுவேதான் உள்ளது. 1899இல் எலிசா அம்மையாரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தமிழக அரசு 2011இல் அவர் வாழ்ந்த இல்லத்தை நினைவில்லமாக்கியது. நன்றியும் கேள்வியும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு அம்மக்கள் சான்று.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, திருநெல்வேலி ஆங்கிலிக்கன் மக்களும், 1835 முதல் திண்டுக்கல்லில் வேரூன்றிய அமெரிக்க மதுரை மிஷனின் வழிவந்தோரும் ஒரே திருச்சபையாயினர். நம் தெருக்களில் அண்டை வீட்டாராய் வாழும் சி.எஸ்.ஐ. உடன்பிறப்புகள் இடையன்குடிக்கும் உறவினர் என்பது இதனால் விளங்கும். ஒரு காலத்தில் ஒருவர் கோயில் வாசலை மற்றவர் மிதியாதிருந்த நாம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் ஒருவரையொருவர் உடன்பிறப்புகளாகக் காணத் தொடங்கினோம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருசாராரும் ஒரே மேசையில் அமர்ந்து உழைத்ததன் கனி.

நம் சமவெளிச் சிற்றூர்களிலும் மணியோசை உண்டு. பாஸ்கும் தேர்ப்பவனியும் உண்டு. வானுயர்ந்த கோபுரங்களும் உண்டு. ஆனால், ஒரு பங்கு உயிரோடிருக்கிறதா என்பதைக் கோபுரத்தின் உயரம் காட்டாது. அங்கே மிக எளியவனின் தெருவுக்கு நீர் வருகிறதா? அவனுடைய காணிக்கையும் மற்றவர் காணிக்கையோடு ஒன்றாகக் கலக்கிறதா? பந்தியிலும் கல்லறையிலும் அவனுக்குத் தனி வரிசை இல்லாதிருக்கிறதா? அவனைப் பற்றி நாம் பேசுவதை அவன் கேட்க நேர்ந்தால் வெட்கமின்றி அவன் முகத்தை நோக்க நம்மால் இயலுமா? இவற்றுக்கு நாம் தரும் விடையே நம் பங்கின் உண்மையான உயரம். இடையன்குடியின் ஆலயத்தைக் கட்டி முடிக்க முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஒருவரையொருவர் மதிக்கும் சமூகத்தைக் கட்ட அதைவிட நீண்ட காலம் ஆகலாம். ஆகட்டும்; நம் பங்குக்கு ஒரு கல்லையேனும் சுமப்போம்.