வடித்த நீர் போன வழி

வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒரு சிப்பாய் சாராயத்தை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு ரகளை செய்தால், அவனைக் கொண்டுபோய் அடைக்கும் அறைக்கு ஒரு பெயர் இருந்தது: 'காஞ்ஜீ ஹவுஸ்'. கஞ்சி வீடு. உள்ளே போனவனுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ரொட்டியும் இறைச்சியும் தின்று வளர்ந்த உடம்புக்கு அரிசித் தண்ணீர் பெரிய தண்டனைதான்.

இந்தச் செய்தி 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இருக்கிறது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டிய அந்நூலுக்கு ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். மற்றவர் ஆர்தர் பர்னல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர், அகராதி அச்சாவதைப் பார்க்காமலே 1882இல் இறந்துபோனவர். தஞ்சாவூரில் குடியிருந்த மனிதருக்குக் கஞ்சி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை. சொல் தமிழ் என்று பதிந்துவிட்டு, அகராதி அதற்கு முதலில் தரும் பொருள்: அரிசி வெந்த தண்ணீர். அடுத்து, நோயாளிக்குக் கொடுக்கும் நீர்த்த ஆகாரம். பிறகு, வண்ணார் துணிக்குப் போடும் பசை. காலையில் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் உணவு என்ற பொருள் முன்வரிசையில் இல்லை.

அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்றைக்குக் கஞ்சி என்றால் அரிசியும் நீரும் சேர்ந்து குழைந்த உணவுதான் நம் மனதில் முதலில் வரும். பழைய தமிழில் அப்படி இல்லை. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், அறச்சாலைகளில் சோறு வடித்த கொழுத்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடுகிறது. அதில் காளைகள் மோதிச் சேறாக்குகின்றன. சேறு காய்ந்தபின் தேர்கள் ஓடிப் புழுதியாகிறது. புழுதி வெள்ளை மாளிகைகளின் மேல் படிகிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் கஞ்சியைச் சொல்வது ஊரின் செழிப்பைக் காட்ட. எவ்வளவு சோறு பொங்கினால் இவ்வளவு கஞ்சி ஓடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது நாம். ஆக அங்கே கஞ்சி உணவல்ல. உணவிலிருந்து பிரித்துக் கொட்டியது.

குடிக்கிற பண்டத்துக்கு வேறு பெயர்கள் இருந்தன: கூழ், புற்கை. தெளிந்த நீர்போல் ஓடும் அளவுக்கு நீர்த்துப்போனாலும் தன் முயற்சியால் வந்ததானால் அதைவிட இனியது இல்லை என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் அவர் எடுத்த சொல் புற்கை. அந்தச் சொல் பேச்சுவழக்கிலிருந்து கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. கூழ் கேழ்வரகுக்கும் கம்புக்கும் ஒதுங்கிக்கொண்டது. அரிசிக்கு உரிய இடத்தில் கஞ்சி வந்து உட்கார்ந்தது. வடித்த நீரில் நாலு பருக்கை கிடந்தாலே அது பசிக்கு உதவும். பருக்கை கூடக்கூட அது உணவாகும். நீரின் பெயர் மெல்ல மெல்ல முழுப் பானைக்கும் ஆகிவிட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மலையாளத்தில் கஞ்ஞி, கன்னடத்திலும் தெலுங்கிலும் 'க' அழுத்தி ஒலிக்கும் கஞ்சி. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவை எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறது.

இரண்டு பொருளும் நம் வீடுகளில் வெகுநாள் ஒன்றாகவே இருந்தன. உலை கொதித்துச் சோறு பதம் வந்ததும் தட்டைப் பொருத்திப் பானையைச் சாய்த்து வடிப்பார்கள். சூடாக வடிந்ததில் கல் உப்பைப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தம்ளர். துணிக்கு ஒரு செம்பு. மிச்சம் மாட்டுத் தொட்டிக்கு. குக்கர் வந்த பிறகு பல வீடுகளில் வடிப்பது நின்றது. இன்றைக்கு நகரத்தில் வளரும் பிள்ளையிடம் 'கஞ்சி போட்ட சட்டை' என்று சொன்னால், சட்டைமேல் சாப்பாடு கொட்டிவிட்டதா என்று கேட்கக்கூடும்.

வடக்கே போன கஞ்சி புளித்துவிட்டது. சமஸ்கிருதத்தில் காஞ்சிகம் என்றால் புளித்த கஞ்சித் தண்ணீர். ஆயுர்வேத நூல்கள் மருந்துச் சரக்குகளை ஊறவைக்கவும் பக்குவப்படுத்தவும் அதைப் பயன்படுத்துகின்றன. சொல் தெற்கிலிருந்து போனது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. இன்றைக்குப் பஞ்சாபிலும் தில்லியிலும் காஞ்ஜி என்று கேட்டால் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பானம் வரும். கறுப்புக் கேரட்டை நறுக்கிக் கடுகுப்பொடியும் உப்பும் போட்டு வெயிலில் சில நாள் புளிக்கவைத்த நீர் அது. குளிர்காலம் முடிந்து ஹோலி வரும்போது குடிப்பார்கள். அதில் அரிசி ஒரு மணிகூட இல்லை. புளிப்பு மட்டும் தங்கி, சோறு கழன்றுபோயிற்று.

கிழக்கே நேர்மாறு. மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் 'கஞ்சி' என்பது மாவுப்பசை. இந்தோனேசியக் கடையில் 'தெபுங் கஞ்சி' கேட்டால் மரவள்ளிக் கிழங்கு மாவை எடுத்துத் தருவார்கள். அங்கே அரிசிக் குழைவுக்குப் 'புபூர்' என்று சொந்தப் பெயர் இருந்தது. கோழிக்கறி பிய்த்துப்போட்ட 'புபூர் ஆயாம்' ஜகார்த்தா தெருக்களின் காலை உணவு. உணவுக்குப் பெயர் இருந்ததால், நம் சொல்லிலிருந்து பசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓர் இடத்தில் விதிவிலக்கு உண்டு. சுமத்ராவின் வடமுனையில் ஆச்சே மாநிலத்தில் ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் பெரிய அண்டாவில் மசாலாப் பொருள்களோடு ஒரு கஞ்சி காய்ச்சி, நோன்பு திறக்க ஊருக்கே ஊற்றுகிறார்கள். அதன் பெயர் 'கஞ்சி ரும்பி'. நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அசர் தொழுகைக்குப் பின் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, பட்டை, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்த நோன்புக் கஞ்சியின் உறவுக்காரன் அது. அந்தக் கடலில் தமிழ் முஸ்லிம்களின் கப்பல்கள் நூற்றாண்டுக் கணக்கில் போய்வந்திருக்கின்றன.

(ஆங்கிலத்தில் காலை உணவைக் குறிக்கும் சொல்லைப் பிரித்தால் 'நோன்பை முறிப்பது' என்றுதான் வரும். அந்தச் சொல்லுக்கு நேர்மையாக நடந்துகொள்வது நோன்புக் கஞ்சிதான், மாலையில் குடித்தாலும்.)

மேற்கே போன கதைதான் நீளமானது. கார்சியா ட ஓர்த்தா என்ற போர்த்துகீச மருத்துவர் 1534இல் இந்தியாவுக்கு வந்து கோவாவில் தங்கினார். இந்திய மூலிகைகளையும் நோய்களையும் பற்றி அவர் உரையாடல் வடிவில் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சாயிற்று. அதில் காலராவைப் பற்றிப் பேசும்போது, உள்ளூர் வைத்தியர்கள் நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசித் தண்ணீரைக் கொடுக்கிறார்கள், அதற்குக் 'கான்ஜெ' என்று பெயர் என்கிறார். ஐரோப்பிய அச்சில் இந்தச் சொல் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. மிளகு சீரகக் கஞ்சி என்று நம் பாட்டிகள் காய்ச்சலுக்குக் கொடுப்பது அப்படியே இருக்கிறது. ஓர்த்தா அதை ஏளனம் செய்யவில்லை. நானூறு ஆண்டு கழித்து, 1980களில், டாக்காவிலுள்ள வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தில் காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோசுக்குப் பதிலாக அரிசிமாவு சேர்த்த உப்புக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள், பேதி குறைந்தது. மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக உடைந்து, உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுத்துச் செல்கிறது. ஓர்த்தாவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. மறைவாக யூத சமயத்தைப் பின்பற்றினார் என்று சொல்லி, அவர் செத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு, 1580இல் சமய விசாரணை மன்றத்தார் அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

போர்த்துகீசியர் சொல்லை எந்த மொழியிலிருந்து எடுத்தார்கள் என்பதில் அகராதிகள் ஒத்துப்போகவில்லை. சில தமிழ் என்கின்றன, சில மலையாளம் என்கின்றன. முதலில் இறங்கியது கோழிக்கோட்டிலும் கொச்சியிலும் என்பதால் மலையாளத்துக்கு வலுவான வழக்கு இருக்கிறது. நமக்குத்தான் என்று கொடி நட்டுக்கொள்ள வேண்டியதில்லை; ஒரே வீட்டுப் பிள்ளைகள். லிஸ்பனுக்குப் போன சொல் 'கான்ஜா' ஆயிற்று. பானைக்குள் கோழி விழுந்தது. இன்றைக்குப் போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் கான்ஜா என்றால் அரிசி போட்ட கோழி ரசம். சளி பிடித்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதலில் நினைவுக்கு வருவது. பிரேசிலின் கடைசிப் பேரரசர் இரண்டாம் பெத்ரு கான்ஜா பிரியர். நாடகத்துக்குப் போனாலும் இடைவேளையில் கிண்ணம் வந்துவிடும் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. அமேசான் காட்டுக்குப் போன தியடோர் ரூஸ்வெல்ட்டும் 1914இல் வந்த தன் பயணநூலில் அதைப் புகழ்ந்திருக்கிறார்.

பேச்சுமொழியில் அது போன தூரம் இன்னும் வேடிக்கை. போர்த்துகீசியத்தில் 'அது கான்ஜா' என்றால் மிகச் சுலபமான வேலை என்று அர்த்தம். நாம் 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்போமே, அதுபோல. பிரேசிலில் கச்சேரி பார்க்க வந்த பாடகரை மேடைக்கு இழுத்து, அவர் காசு வாங்காமல் இரண்டு பாட்டுப் பாடினால் 'ஒரு கான்ஜா கொடுத்தார்' என்பார்கள். இங்கே கல்லூரிப் பிள்ளைகள் ஒருவனைக் கேலியால் வறுத்தெடுத்தால் 'கஞ்சி காய்ச்சிட்டாங்க' என்கிறார்கள். ஒரே பானையில் இப்படியும் பொங்கும், அப்படியும் பொங்கும்.

இனி, இன்றைய உலகம் 'காஞ்ஜீ' என்று எதைச் சொல்கிறது என்று பார்க்கலாம். ஹாங்காங் உணவகத்தின் ஆங்கிலப் பலகையிலும் லண்டன் சீனர் தெருவிலும் நட்சத்திர ஓட்டலின் காலை உணவு வரிசையிலும் அந்தப் பெயர் ஒட்டியிருப்பது சீனக் கஞ்சியின்மேல். பண்டம் நம்மிடமிருந்து போகவே இல்லை. சீனர்கள் அதை அவர்கள் பாட்டுக்கு வெகுகாலமாகக் காய்ச்சிவந்தார்கள். வடக்கே அதற்கு 'ஜோ', கான்டன் பக்கம் 'ஜுக்'. எழுத்தைப் பார்த்தால் நடுவில் அரிசி, இருபுறமும் வில் போன்ற வளைவுகள். பழைய வடிவத்தில் அடியில் ஒரு பானையும் உண்டு; அந்த வளைவுகள் எழும் ஆவி. இந்தியத் துறைகளில் வாயில் ஏறிய சொல்லை ஐரோப்பிய வணிகர்கள் சீனக் கரையில் கண்ட பண்டத்தின்மேல் ஒட்டினார்கள். ஒட்டியது நிலைத்துவிட்டது.

கான்டன் பாணியில் ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் வைத்து, பருக்கை மலர்ந்து உருத்தெரியாமல் போகும்வரை மணிக்கணக்காகச் சிறுதீயில் விடுவார்கள். மேலே காரத்தில் ஊறிக் கறுத்த முட்டை, பன்றியிறைச்சித் துணுக்கு, இஞ்சிக் கீற்று; தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சி. அதே தென்சீனத்தில் தியோச்சியூக்காரர்கள் பருக்கை தனியாகத் தெரிந்தால்தான் கஞ்சி என்பார்கள். உப்பிட்ட வாத்து முட்டையும் ஊறுகாய்க் கீரையும் வைத்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கும். பழையதுக்கு மோர்மிளகாய் கடித்து வளர்ந்த நாக்கு அங்கே தன் ஊரைக் கண்டுகொள்ளும்.

சொல் கடல்வழியாகப் போய்ச் சேர்வதற்கு வெகுமுன்பே, கஞ்சியைப் பற்றிய ஓர் எண்ணம் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போயிருந்தது. பாலி விநய நூலில் புத்தர் பிக்குகளுக்குக் காலையில் கஞ்சி குடிக்க அனுமதி தருகிறார். அதன் பத்துப் பயன்களையும் எண்ணிச் சொல்கிறார்: ஆயுள், நிறம், வலிமை, பசி தீர்தல், தாகம் தணிதல், வாயு ஒழுங்குபடுதல் என்று. அங்கே சொல் கஞ்சியல்ல, 'யாகு'. மடங்கள்வழி சீனத்துக்குப் போன அந்தப் பட்டியல் 'கஞ்சிக்குப் பத்து நன்மை' என்று அங்கே நிலைத்தது. ஜப்பானில் 13ஆம் நூற்றாண்டு ஜென் ஆசான் தோகென் மடத்தில் உண்ணும் முறைக்கு ஒரு நூல் எழுதினார். தலைப்பிலேயே கஞ்சியும் சோறும் இருக்கின்றன. கஞ்சி காலைக்கு, சோறு நண்பகலுக்கு.

நம்மிடம் கஞ்சிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 'கஞ்சிக்கு வழியில்லை' என்பதுதான் வறுமையின் அளவுகோல். 'கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்துவான்' என்பது மகனிடம் வைக்கும் மிகக் குறைந்த எதிர்பார்ப்பு. நெசவு நொடித்துப்போன ஊர்களில் கஞ்சித்தொட்டி திறப்பது பசிக்குச் சோறு மட்டுமல்ல, ஆட்சியாளர் முகத்தில் காட்டும் கண்ணாடியும்கூட.

இலங்கையில் 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களில், வன்னியின் முள்ளிவாய்க்கால் கடற்கரை ஓரத்தில் முடங்கிப்போன மக்களுக்குப் பல நாள் கிடைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமே. அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் அடுப்பு மூட்டி அதே கஞ்சியைக் காய்ச்சிப் போவோர் வருவோருக்குச் சிரட்டையிலும் குவளையிலும் ஊற்றுகிறார்கள். தடுத்த காவலர்கள் உண்டு. அடுத்த சந்தியில் மூட்டிய அடுப்புகளும் உண்டு. ஆங்கிலச் செய்திகளில் இதைப் பற்றி எழுதுபவர்கள் கைவசம் முந்நூறு ஆண்டாக 'காஞ்ஜீ' என்று ஒரு சொல் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை. 'முள்ளிவாய்க்கால் கஞ்சி' என்றே எழுதுகிறார்கள்.